சுரங்க அறிக்கையில் மீனுக்கு ஒரே ஒரு பத்தி: கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பரவனாற்றங்கரை

எல்லாருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊருக்கு மேற்கே வெள்ளைக் களிமண்ணும் சிலிக்கா மணலும் எடுக்க ஒரு திறந்தவெளிச் சுரங்கம் வரப்போகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கை வந்துவிட்டது, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பும் வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே போடவில்லை, யாரும் கேட்க வேண்டாம். நான் சுரங்கமே கூடாது என்று சொல்ல வரவில்லை, அதை ஊர் முடிவு செய்யட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: காட்டுயிர்கள் பற்றியும் மீன்கள் பற்றியும் இந்த அறிக்கை சொல்வது சரியா என்று எப்படிப் பரிசோதிப்பது?

பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் நீளமான அட்டவணைகள் போட்டிருக்கிறார்கள். மீனுக்கு ஒரு பத்தி. அதிலும் கெண்டை, கெளுத்தி, விரால் என்று நாலைந்து பெயர், கூடவே "குறிப்பிடத்தக்க நீர்வாழ் உயிரினங்கள் இல்லை" என்று ஒரு வரி. ஆய்வு நடந்த மாதங்கள் மார்ச் முதல் மே வரை. சித்திரையில் எங்கள் ஓடையில் ஆடு குடிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது, மணல்தான் கிடக்கும். அதே ஓடையில் ஐப்பசி மழை இறங்கியதும் பறி (மீன் பிடிக்கும் கூடைப்பொறி) வைத்தால் விடிவதற்குள் நிரம்பிவிடும், தேளி, குறவை, ஆரால், உளுவை எல்லாம் இருக்கும். இந்த ஓடைத் தண்ணீர் பரவனாற்றில் சேர்ந்து பெருமாள் ஏரிக்குத்தான் போகிறது. மணலைப் பார்த்துவிட்டு மீன் இல்லை என்று எழுதினால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சர்வே ஆள்

தம்பி, இந்த வேலையில் களப்பணியாளனாகச் சில வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில் அறிக்கையைக் கடைசியிலிருந்து படியுங்கள். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அறிக்கைக்கு ஒரு பொது அமைப்பு உண்டு, 12 அத்தியாயம். மூன்றாவதில் இப்போதைய நிலைமை, நாலாவதில் வரப்போகும் தாக்கமும் அதைக் குறைக்கும் வழியும், பத்தாவதில் மேலாண்மைத் திட்டம், பன்னிரண்டாவதில் யார் ஆய்வு செய்தார்கள் என்ற விவரம். எல்லாரும் மூன்றாவதிலேயே களைத்துப்போய் விட்டுவிடுவார்கள். பன்னிரண்டாவதைப் பார்த்து, சூழலியல், பல்லுயிர் என்ற பிரிவுக்கு யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவருக்கு நபெட் (ஆய்வு நிறுவனங்களுக்கும் நிபுணர்களுக்கும் அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த ஆள் எந்தத் தேதிகளில் வந்தார், எந்த இடத்தில் வலை போட்டார், அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்திருக்கிறாரா என்று தேடுங்கள். இடமும் தேதியும் இல்லாத மீன் பட்டியல் ஆய்வே இல்லை, அது புத்தகத்திலிருந்து எடுத்தது.

இரண்டாவது, ஆய்வு வரையறை, அதாவது ஆய்வில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அரசு தரும் பட்டியல். சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலக்கரி அல்லாத சுரங்கங்களுக்கு வைத்திருக்கும் பொது வரையறையிலேயே தெளிவாக இருக்கிறது: சுரங்கக் குத்தகை எல்லையிலிருந்து 10 கி.மீ. வரை உயிரின ஆய்வு நேரடியாகக் களத்தில் செய்ய வேண்டும், மையப் பகுதிக்கும் (குத்தகை நிலம்) சுற்றுப் பகுதிக்கும் தனித்தனியாகப் பட்டியல் தர வேண்டும், ஒவ்வொரு உயிரினமும் காட்டுயிர்ச் சட்டத்தில் எந்த அட்டவணையில் வருகிறது என்று காட்ட வேண்டும். அட்டவணை 1, அதாவது சட்டம் மிக அதிகப் பாதுகாப்பு தரும் பட்டியல், அதில் உள்ள விலங்கு ஒன்று இருந்தாலே வனத்துறையோடு கலந்து பேசி ஒரு பாதுகாப்புத் திட்டம் போட்டு, அதற்கான பணத்தைத் திட்டச் செலவிலேயே ஒதுக்க வேண்டும்.

இதனால்தான் அட்டவணை 1 உயிரினங்களின் பட்டியல் எப்போதும் சின்னதாக இருக்கும். மயில் மட்டும் கட்டாயம் இருக்கும், எந்த ஊரிலும் அதை மறைக்க முடியாதே. திட்டம் என்று நாலு தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் மரக்கன்று, கிராம மக்களுக்கு விழிப்புணர்வு என்று முடித்துவிடுவார்கள். உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பரவனாற்றங்கரை

ஐயா, அப்படியேதான் இருக்கிறது. மயில், உடும்பு இரண்டும் அட்டவணை 1 என்று போட்டு, பத்தாவது அத்தியாயத்தில் தண்ணீர்த் தொட்டி, மரக்கன்று. பன்னிரண்டாவதில் பெயர்கள் உண்டு, வலை போட்ட இடம் எங்கேயும் இல்லை. ஆமை பற்றி ஒரு சொல்கூட இல்லை. எங்கள் குட்டையில் பால் ஆமை இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

வடலூர் வாசி

நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் ஆமை, மீன் என்று பேசுகிறீர்கள், வேலை பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் சுரங்கத்தை நம்பித்தான் சாப்பிடுகிறோம், ஒப்பந்தத் தொழிலாளிதான், நிரந்தரம் இல்லை, ஆனாலும் அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சி கல்லூரி முடித்தாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் இருக்கிறவர்களுக்குப் பரவாயில்லை. நிலம் இல்லாதவன் எங்கே போவான்? ஒரு ஓடையில் மழைக்காலத்தில் நாலு மாதம் வந்து போகும் மீனுக்காகத் திட்டத்தை நிறுத்தச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் கூட்டத்தில் எதிர்த்துத்தான் பேசுவார்கள். இதையும் யோசித்துப் பாருங்கள்.

பரங்கிப்பேட்டை வலை

வடலூர் அண்ணே, உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, அதை யாரும் தள்ளிவிடக் கூடாது. ஆனால் "நாலு மாதம் வந்து போகும் மீன்" என்றதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த நாலு மாதம்தான் மீனுக்கு எல்லாமே.

நான் முகத்துவாரத்துப் பக்கத்து ஆள். அப்பா வெள்ளாற்றிலும் உப்பனாற்றிலும் வலை இழுத்தவர், மாமா வகையில் ஏரிக் குத்தகை எடுத்தவர்கள் உண்டு. நன்னீர் மீனில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையின் புதுவெள்ளத்துக்காகக் காத்திருக்கும். ஏரியிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து நெல் வயலுக்கு என்று தண்ணீரை எதிர்த்து ஏறும். முழங்கால் ஆழத் தண்ணீரில், புல்லும் கோரையும் இருக்கும் இடத்தில்தான் முட்டை. விரால் ஜோடி, புல்லை விலக்கி இடம் ஒதுக்கி முட்டையிட்டுக் காவல் இருக்கும். குஞ்சு பொரித்ததும் பார்த்தீர்கள் என்றால் தண்ணீருக்கு மேல்மட்டத்தில் செம்பு நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூட்டம் கொதிப்பது மாதிரி நெளியும், அதற்கு ஒரு அடி கீழே தாய் விரால் நிற்கும், கையை நீட்டினால் கடிக்க வரும். கார்த்திகையில் எங்கள் பக்கத்து வயல் வாய்க்காலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்போது அந்த ஓடைக்குச் சுரங்கத்திலிருந்து களிமண் கலங்கிய தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். வெள்ளைக் களிமண் துகள் மிகவும் நுண்ணியது, லேசில் அடியில் படியாது, நாள் கணக்கில் பால் மாதிரி மிதக்கும். படிந்தால் முட்டையின் மேல் படியும், முட்டைக்கு மூச்சு கிடைக்காது. மீன் செவுளிலும் அடைக்கும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றை நேராக விழுங்கும் சாதி, ஓரளவு தாங்கும். கெண்டை தாங்காது. தண்ணீர் கலங்கினால் வெளிச்சம் உள்ளே இறங்காது, பாசி குறையும், குஞ்சுக்குத் தீனி குறையும். மீன் செத்து மிதந்தால்தான் பாதிப்பு என்று நினைக்கிறோம். பெரிய மீன் ஒன்றுகூடச் சாகாமல், நாலு வருஷம் குஞ்சு பிழைக்காமல் போனால் ஏரி காலி.

அப்புறம் விலாங்கு. இதை யாரும் பேசுவதே இல்லை. நம்ம விலாங்கு ஆழ்கடலில் முட்டையிடும். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் குஞ்சாகக் கடலூர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, உப்பனாறு, பரவனாறு என்று ஏறி, ஏரியிலும் குட்டையிலும் பல வருஷம் வளர்ந்து, பெரிதானதும் திரும்பக் கடலுக்குப் போய்த்தான் இனப்பெருக்கம் செய்யும். வழியில் ஓர் இடம் அடைபட்டாலும் போதும், மேலே இருப்பவை கிழடாகிச் செத்துவிடும், புதிது வராது. நம் ஆறுகளுக்கு வரும் இரண்டு வகை விலாங்கும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் இருப்பவை. நன்னீர் வாளை மீன் அதைவிட மோசம், அழிவாய்ப்பு உள்ள இனம் என்றே போட்டிருக்கிறார்கள். அறிக்கையில் வாளை என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா?

பரவனாற்றங்கரை

வாளையும் இல்லை, விலாங்கும் இல்லை அண்ணே.

புதுவை நீர்ப்பறவை

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். ஊசுடு ஏரி, பாகூர் ஏரி, கழுவேலி, அப்புறம் உங்கள் பெருமாள் ஏரி எல்லாவற்றுக்கும் பறவை பார்க்கப் போகிறவள்.

ஆய்வு மாதம் பற்றிப் பேசியதால் இதைச் சொல்கிறேன். மார்ச்-மே ஆய்வில் விராலடிப்பான் கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பருந்து, மீனைத் தவிர வேறெதையும் கிட்டத்தட்ட தொடாது. ஏரிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னால் நீட்டி விழுந்து, மீனோடு எழும்பும்போது மீனின் தலை முன்பக்கமாகத் திரும்பியிருக்கும், காற்று தடுக்காமல் இருக்க அப்படிப் பிடித்துக்கொள்ளும். சட்டத்தில் அட்டவணை 1. கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாமே மீனை நம்பியவை, மழைக்குப் பிறகுதான் இந்த ஏரிகளில் கூட்டமாகப் பார்க்கலாம். மார்கழி, தையில் வராமல் சித்திரையில் வந்து எண்ணினால் வெயிலில் நிற்கும் மடையானும் மைனாவும்தான் கிடைக்கும்.

இந்த மாதக் கணக்கில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று இருக்கிறது. சர்வே ஐயா சொன்ன அதே பொது வரையறையில் "மழைக்காலம் அல்லாத ஒரு பருவம்" என்று போட்டு, எந்த மாதங்கள் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள்: மார்ச்-மே கோடை, அக்டோபர்-டிசம்பர் மழைக்குப் பின், டிசம்பர்-பிப்ரவரி குளிர்காலம். இது வடநாட்டு மழையை வைத்துப் போட்ட கணக்கு. நமக்கு அக்டோபர்-டிசம்பர்தான் முழு மழைக்காலம். ஆகவே அந்த மூன்று மாதங்களில் ஆய்வு செய்ய விதி தடுக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது, விதியே அனுமதித்த பருவம் அது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, ஓடை காய்ந்து கிடக்கும் பருவத்தை ஏன் எடுத்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கூட்டத்தில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கினாலே போதும் என்பேன்.

பழைய சர்வே ஆள்

அம்மா சொன்னது ரொம்பச் சரி. கோடையை எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு, காற்றில் தூசு அளக்கக் கோடைதான் மோசமான நிலைமையைக் காட்டும். தூசுக்கு அது நியாயம். ஆனால் அதே மூன்று மாதத்தை மீனுக்கும் பறவைக்கும் சேர்த்து ஓட்டிவிடுவதுதான் வழக்கமாகிவிட்டது. தூசு மெஷினை வைத்துவிட்டு வரும் வண்டியிலேயே பறவை பார்க்கும் ஆளும் வந்து இரண்டு நாளில் போய்விடுவார். இரவில் யாரும் தங்க மாட்டார்கள். ஆந்தை, மரநாய், நீர்நாய் எல்லாம் பட்டியலில் வராமல் போவதற்கு இதுவும் காரணம்.

நீர்நாய் இருக்கிறதா என்று பார்க்க விலங்கையே பார்க்க வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் பாறை மேலோ மணல் திட்டிலோ எச்சம் இருக்கும், உள்ளே மீன் செதிலும் நண்டு ஓடும் மினுங்கும், மீன் வாடை அடிக்கும். கரையோரமாக நடந்து பார்த்து, "தேடினோம், இந்த நீளத்துக்குத் தேடினோம், கிடைக்கவில்லை" என்று எழுதினால் அதை மதிக்கலாம். தேடாமலே "இல்லை" என்று எழுதுவது வேறு. அறிக்கையில் எந்த உயிரினத்தைப் பற்றி "இல்லை" என்று வந்தாலும், எவ்வளவு தேடினீர்கள் என்று கேளுங்கள்.

பரவனாற்றங்கரை

ஒரு சந்தேகம். விரால், வாளை, விலாங்கு எல்லாம் காட்டுயிர்ச் சட்ட அட்டவணையில் வருகிறதா? வராவிட்டால் "பாதுகாக்கப்பட்ட உயிரினம் இல்லை" என்று அவர்கள் எழுதியது சட்டப்படி சரியாகிவிடாதா?

பழைய சர்வே ஆள்

நல்ல கேள்வி, அங்கேதான் பிடி இருக்கிறது. 1972 சட்டத்தின் மீன் பகுதி பல காலமாகவே கடலைப் பார்த்துத்தான் இருந்தது. திமிங்கலச் சுறா, வேளா மீன், சில சுறா, திருக்கை, கடல்குதிரை என்று. ஏரி மீனுக்கு அதில் இடமே இல்லாமல் இருந்தது. 2022ல் சட்டத்தைத் திருத்தி ஆறு அட்டவணையை நாலாக்கினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அறிக்கையில் இன்னும் "அட்டவணை 4 பறவை" என்று மடையானைப் போட்டிருந்தால் அது பழைய கணக்கு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள், இப்போதைய நாலாவது அட்டவணை வெளிநாட்டு வணிக ஒப்பந்தத்தில் வரும் உயிரினங்களுக்கானது.

ஆக விராலைக் காட்டி அட்டவணை 1 என்று வாதாட முடியாது. ஆனால் பால் ஆமை அட்டவணை 1. விராலடிப்பான் அட்டவணை 1. இரண்டும் ஏரியை நம்பி இருப்பவை, ஒன்றுக்கு மீன்தான் முழுச் சாப்பாடு, இன்னொன்று மீன், தவளை, நத்தை எல்லாம் தின்னும். ஏரியில் மீன் குறைந்தால் அவற்றுக்கு என்ன ஆகும் என்று நாலாவது அத்தியாயம் சொல்லியாக வேண்டும். மீனைத் தனி உயிரினமாகச் சட்டம் காப்பாற்றாவிட்டாலும், அட்டவணை விலங்கின் இரையாக அது அறிக்கைக்குள் வந்தே தீரும். உங்கள் மனுவை இந்த வழியில் எழுதுங்கள். அதோடு, மேலே சொன்ன வரையறை அட்டவணையை மட்டும் கேட்கவில்லை, அருகிவரும், ஓரிடத்துக்கே உரிய, அழிவை நோக்கிய இனங்கள் என்றும் கேட்கிறது. வாளை அங்கே வந்துவிடும்.

கெடிலம்

இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், ஊர் திருப்பாதிரிப்புலியூர். வேலை நீரியல் சம்பந்தப்பட்டது. அலாஸ்காவில் பிரிஸ்டல் பே பக்கம் பெப்பிள் என்று ஒரு பெரிய செம்பு, தங்கச் சுரங்கத் திட்டம். உலகத்தின் செஞ்சால்மன் மீனில் கிட்டத்தட்டப் பாதி வரும் ஆறுகள் அவை. ஒரே சுரங்கத்தைப் பற்றி இரண்டு அரசு அமைப்புகள் என்ன சொன்னன என்று பார்த்தால் உங்களுக்குப் பயன்படும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. சுரங்கம் சின்னதாக இருந்தால், நடுத்தரமாக இருந்தால், பெரிதாக இருந்தால் என்று மூன்று அளவு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மைல் நீள ஓடை போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள், 24 மைல் முதல் 94 மைல் வரை வந்தது. பிறகு 2020 ஜூலையில் ராணுவப் பொறியியல் பிரிவு இறுதி அறிக்கை போட்டது. வளைகுடா முழுவதையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு, சுரங்கம் வழக்கம்போல இயங்கினால் மீன் எண்ணிக்கையில் அளந்து பார்க்கிற அளவுக்கு மாற்றம் வராது என்றது. அதே ஆண்டு நவம்பரில் அதே பிரிவுதான் அனுமதியை மறுத்தது, 2023 ஜனவரியில் முகமை அந்த ஓடைகளில் கழிவு கொட்டுவதற்குத் தடை போட்டது.

கணக்கை எவ்வளவு பெரிய பரப்பில் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 10 கி.மீ. வட்டம் முழுவதும் வகுத்தால் உங்கள் ஓடை கண்ணுக்கே தெரியாது. ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு நீர்வழியை அடிப்படையாக வைத்துக் கேளுங்கள்: சுரங்கம் விழுங்கப்போகும் ஓடை எத்தனை மீட்டர், திசை திருப்பும் வாய்க்கால் எத்தனை மீட்டர், அதில் மழைக்காலத்தில் மீன் ஏறும் பகுதி எது. ஆற்றுக்கு 10 கி.மீ. என்ற எல்லை தெரியாது, தண்ணீர் உப்பனாறு வழியாகக் கடலூர் முதுநகர் முகத்துவாரம் வரை போகிறது.

வடலூர் வாசி

அலாஸ்கா கதை சரி, அங்கே கோடிக்கணக்கில் மீன் வியாபாரம். இங்கே ஒரு கேள்வி. நெய்வேலிச் சுரங்கத்துத் தண்ணீர்தான் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது, கோடையிலும் வருகிறது, அதனால்தான் எத்தனையோ பேர் பயிர் வைக்கிறார்கள், ஏரியில் பறவையும் நிற்கிறது. அப்படிப் பார்த்தால் சுரங்கத்தால் மீனுக்கும் பறவைக்கும் நன்மைதானே?

பரங்கிப்பேட்டை வலை

அண்ணே, தண்ணீர் வருவது நன்மைதான், விவசாயிக்கு அது உயிர், அதில் மறுபேச்சு இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும், இல்லாவிட்டால் தரை மேலே பிளந்துவிடும், அதனால் அந்தத் தண்ணீர் எப்படியும் வெளியே வந்தே ஆக வேண்டும். ஆனால் மீனின் கணக்கு வேறு. நம் ஏரி மீன்கள் ஏரி நிறைவதற்கும் வற்றுவதற்கும் பழகியவை. வற்றும்போது ஊத்தா என்ற மூங்கில் கூடை போட்டுப் பிடித்துவிடுவோம், பெரியது கொஞ்சம் சேற்றில் ஒதுங்கும், வயல் காயும், புல் முளைக்கும், அடுத்த மழையில் அந்தப் புல்லில்தான் முட்டை. வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் அந்தப் புல் வளர்வதில்லை, ஆகாயத்தாமரை மூடும். ஜிலேபி கெண்டைக்கு அதுதான் சொர்க்கம், அது வருஷத்தில் பல தடவை குஞ்சு வைக்கும், மழைக்குக் காத்திருக்காது. ஜிலேபியும் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஏரியை எடுத்துக்கொள்ளும், கிலோ கணக்கில் மீன் குறையாது, ஆனால் நாட்டு மீன் போய்விடும். எடையை மட்டும் பார்த்து "மீன்வளம் பாதிக்கவில்லை" என்று எழுதலாம், அது பாதி உண்மைதான்.

கெடிலம்

இதோடு சேர்த்துக் கூட்டுத் தாக்கத்தையும் கேளுங்கள். பரவனாற்றுக்கு ஏற்கெனவே நெய்வேலித் தண்ணீர் வருகிறது. அந்த ஆற்றின் ஒரு பகுதிக்கு நிரந்தர மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை 2023ல் வளையமாதேவி பக்கம் பயிர் நின்ற வயலில் நடந்ததும், அது உயர் நீதிமன்றம் வரை போனதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். கீழே உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவதாக உங்கள் களிமண் சுரங்கம். தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஏற்கெனவே கலங்கிய ஆற்றில் இன்னும் எவ்வளவு கலக்கம் தாங்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு ஆற்றில் மேலே ஓர் இடம், சுரங்க ஓடை சேர்வதற்குக் கீழே ஓர் இடம், பெருமாள் ஏரி, முகத்துவாரம் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே மீனும் தண்ணீரும் அளந்து வைத்திருக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்ற அளவு இல்லாவிட்டால் பின்னால் யார் மீதும் எதையும் நிரூபிக்க முடியாது. பாதிக்காத இன்னொரு ஓடையையும் ஒப்பிடுவதற்காக அதே நாட்களில் அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழை குறைந்த வருஷத்தைக் காட்டி எல்லாவற்றையும் மழை மேல் போட்டுவிடுவார்கள். வண்டலோடு உலோகமும் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீரில் மட்டும் இல்லை, விரால் மாதிரி மற்ற மீனைத் தின்னும் மீனின் சதையிலும் ஈரலிலும்.

புதுவை நீர்ப்பறவை

இதையெல்லாம் செய்ய ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, வெள்ளாற்று முகத்துவாரத்தை எத்தனையோ ஆண்டாகப் படிக்கிறவர்கள். இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை. வீட்டுக்குப் பக்கத்திலேயே இவ்வளவு அறிவு இருக்கும்போது மீனுக்கு ஒரு பத்தி என்பது மனசுக்கு வலிக்கிறது. மனுவில் உள்ளூர்க் கல்வி நிறுவனத்தை வைத்து ஆய்வு என்று ஒரு வரி சேருங்கள்.

பரவனாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. மனுவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு. வரைவு அறிக்கையின் உயிரின ஆய்வு மார்ச் முதல் மே வரை நடந்துள்ளது. அம்மாதங்களில் திட்டப் பகுதி ஓடையில் நீர் இருப்பதில்லை. பொது ஆய்வு வரையறை அக்டோபர்-டிசம்பர் பருவத்தையும் அனுமதிக்கிறது. அப்பருவத்திலும், வலசைப் பறவைகளுக்காக டிசம்பர்-பிப்ரவரி பருவத்திலும் ஆய்வு நடத்தி, வலையிட்ட இடங்களையும் நாட்களையும் குறிப்பிட்டு அறிக்கையைத் திருத்த வேண்டும். ஓடை, பரவனாறு, பெருமாள் ஏரி, உப்பனாற்று முகத்துவாரம் ஆகியவை ஒரே நீர்வழி என்பதால் மீன் ஆய்வு இந்த நீர்வழி முழுவதும் நடக்க வேண்டும். அட்டவணை 1ல் உள்ள பால் ஆமை எங்கள் குட்டையில் உள்ளது, படம் இணைத்துள்ளோம். பால் ஆமைக்கும், மீனை உண்ணும் விராலடிப்பானுக்கும் வனத்துறையைக் கலந்து தனிப் பாதுகாப்புத் திட்டமும் நிதியும் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுரங்க நீரை ஓடையில் விடுவதற்கு முன் படிவுக் குளங்களில் தேக்கித் தெளிந்த பின்னரே விட வேண்டும், கலங்கலின் அளவு தினமும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்."

பழைய சர்வே ஆள்

நன்றாக இருக்கிறது. படிவுக் குளம் என்று சொன்னால் மட்டும் போதாது தம்பி, வெள்ளைக் களி லேசில் படியாது என்று பரங்கிப்பேட்டைத் தம்பி சொன்னாரே. எவ்வளவு கொள்ளளவு, ஒரே நாளில் பெருமழை கொட்டினால் தாங்குமா என்று கேளுங்கள். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீக்கு மேல் கொட்டியது, கடலூர் மாவட்டத்துக்குக் குளம் கட்டுகிறவர் அந்த மழையை வைத்துத்தான் கட்ட வேண்டும். குளம் உடைந்தால் ஒரு வருஷத்துக் கலங்கலும் ஒரே இரவில் ஏரிக்குப் போய்விடும்.

அப்புறம் நடைமுறை. வாயால் பேசினால் மட்டும் போதாது, எழுத்தில் கொடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் தேதி முத்திரை வாங்குங்கள். கூட்டம் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டிய பிறகுதான் ஆட்சியரோ அவர் சார்பில் வந்தவரோ கையெழுத்திட வேண்டும், அதுவரை எழுந்து போகாதீர்கள். உங்கள் பால் ஆமை அந்தக் குறிப்பில் ஏறவில்லை என்றால் அங்கேயே எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறியதற்கெல்லாம் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும்.

வடலூர் வாசி

மழைக்காலத்தில் இன்னொரு ஆய்வு, முன்கூட்டியே மீன் கணக்கு, பெரிய படிவுக் குளம். இவ்வளவுதான் கேட்கிறீர்கள் என்றால் இதில் வேலையை நிறுத்துவது எதுவும் இல்லை. குளம் கட்டவும் பராமரிக்கவும் உள்ளூர் ஆட்களைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், எங்கள் தெருவிலும் கேட்டு வாங்கித் தருகிறேன்.

பரவனாற்றங்கரை

சேர்த்துவிட்டேன் அண்ணே, மழை அளவையும் சேர்த்துவிட்டேன். ஓடையில் மீன் ஏறும் இடங்களை வரைபடத்தில் குறிக்க ஆள் வேண்டும். ஊரில் பறி வைக்கும் பெரியவர்கள் இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், போனில் இடத்தைப் பதிய எனக்குத் தெரியும், மீனை வகை பிரித்துச் சொல்ல ஒருவர் வந்தால் போதும்.

பரங்கிப்பேட்டை வலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் தம்பி. வீச்சுவலையும் சின்னக் கண்ணித் தங்கூஸ் வலையும் கொண்டுவருகிறேன். அளவு காட்டும் பலகை ஒன்று செய்து வையுங்கள், மீனை அதன் மேல் வைத்துப் படம் எடுத்து உடனே தண்ணீரில் விட்டுவிடலாம்.